தேரையின் வீட்டம்மா

சென்டாயில் இருக்கும் மசுனோ அண்ணி அவர்களுக்கு, காவாசாகியிலிருந்து உங்கள் தம்பி மனைவி தொகியே தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

குளிர் நாளுக்கு நாள் கூடுகிறது. உங்கள் ஊரில் பனி சன்னல் வரைக்கும் ஏறியிருக்கும். முழங்காலைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். துக்க வருஷம் என்பதால் நான் யாருக்கும் புத்தாண்டு வாழ்த்து அட்டை போடவில்லை, மோச்சிப் பணியாரத்துக்கு அரிசி இடிக்கவில்லை, வாசலில் பைன் கிளை கட்டவில்லை. நீங்கள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தேன், ஒன்றைத் தவிர. அதற்குத்தான் இந்தக் கடிதம். நான் அதிகம் படித்தவள் இல்லை என்பதைக் கல்யாணத்தன்றே எல்லார் முன்னாலும் நீங்கள் சொல்லிவிட்டதால் எழுத்துப் பிழைகளுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில் நான் சித்திரக்கதைச் சந்தைக்குப் போனதாகவும், துக்கம் காக்காமல் பச்சைத் தலைமயிர் வைத்த பெண்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்ததாகவும் உங்களுக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். போனது உண்மை. சிரித்ததும் உண்மைதான், ஆனால் அது ஒரே ஒரு தடவை, அதற்கும் ஒரு காரணம் இருந்தது, வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் தம்பி பொதுக் குளியலகத்துக் கொதிகலனுக்கு விறகு போட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து கதைப்படம் வரைந்து, தன் காசில் அச்சடித்து, வருஷத்துக்கு இரண்டு முறை டோக்கியோக் கடலோர மண்டபத்துக்குச் சுமந்துபோய் விற்றது உங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் வீட்டு அம்மாவின் தம்பி தேரைப் படம் போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் அவமானம், புத்தகம், பென்சில் பக்கம் எதையும் விடாமல் கட்டி, ஜனவரியில் கோயிலில் மூட்டும் தீயில் கொடுத்துவிடு என்றீர்கள். சரி என்றேன். கொடுக்கத்தான் போகிறேன். ஆனால் அதற்குள் அந்த இசாவா போன் செய்துவிட்டாள்.

இசாவா என்பவள் பல் டாக்டரிடம் சீட்டுக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள், நாற்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை, சந்தையில் உங்கள் தம்பிக்குப் பக்கத்து மேசைக்காரி. குலுக்கலில் இந்தத் தடவையும் அவருக்கு இடம் விழுந்திருக்கிறது என்றாள். அவர் போய்விட்டாரே அம்மா, இடம் எதற்கு என்றேன். "யாரும் வரலைன்னா அந்த மேசை மேல நாற்காலியைக் கவுத்தபடியே விட்டுடுவாங்கம்மா. நாள் பூரா அப்படியே கிடக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுற்றிலும் எல்லாரும் வியாபாரம் செய்துகொண்டிருக்க, இவர் இடத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலைத் தூக்கிக்கொண்டு கிடப்பதை நினைத்துப் பாருங்கள் அண்ணி. மருத்துவமனையிலும் அப்படித்தான் அவர் படுக்கையை உடனே சுருட்டிவிட்டார்கள்.

ஆகவே போனேன். மேசைக்கு விரிக்கத் துணி கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தாள், வீட்டில் தேடியதில் கிடைத்தது இறுதிச் சடங்கன்று அவர் படத்துக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணிதான், அதை எடுத்துக்கொண்டேன். துணி போகிறதே, படம் மட்டும் வீட்டில் தனியாக எதற்கு என்று படத்தையும் கறுப்பு ரிப்பனோடு பையில் வைத்தேன். கடை போட்டு உட்காரப் போகிறோமே என்று, பெட்டிச்சோற்றுக் கடையில் வேலைக்குப் போடுகிற நீளக்கை வெள்ளை ஏப்ரனை மாட்டிக்கொண்டு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். விற்கப் போகிறவள் வேறு எதை உடுத்துவாள்? இதுதான் வினையாகிவிட்டது. வாசலிலேயே கையில் பட்டை கட்டிய ஒரு தொண்டர் என்னை ஓரமாக வரச் சொன்னார். "கதையில வர்றவங்க மாதிரி வேஷம் போடுறவங்க வீட்டிலேர்ந்தே போட்டுட்டு வரக்கூடாதும்மா. உள்ளே பேர் பதிஞ்சிட்டு, உடை மாத்துற ரூம்லதான் மாத்திக்கணும்."

நான் எந்த வேஷமும் போடவில்லையே என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "தேரைக் கதையில வர்ற வீட்டம்மாதானே? ரொம்ப நல்லா வந்திருக்கு. புருவம்கூட அச்சு அசல். அதை எப்படிம்மா ஒட்டினீங்க?"

"எங்கப்பா ஒட்டினதுப்பா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எனக்குப் பின்னால் நின்ற, முதுகில் இறக்கை வைத்த ஒரு பெண், "வீட்டம்மா, ஒரு தடவை முறைங்களேன்" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். நான் முறைக்கவே இல்லை, சும்மா பார்த்தேன், அவள் மிகவும் நன்றி என்றாள். இசாவா ஓடிவந்து அந்தத் தொண்டரின் காதில் ஏதோ சொன்ன பிறகு அவர் குனிந்து கும்பிட்டதில் தொப்பி கீழே விழுந்துவிட்டது.

அண்ணி, நான் அந்தப் புத்தகங்களை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. எழுத்து பொடியாக இருக்கும், அவரும் "அதுல ஒண்ணுமில்லை, வெறும் தேரை" என்பார். மேசையில் துணி விரித்து, படத்தை நிறுத்தி, புத்தகங்களை அடுக்கும்போதுதான் முதல்முதலாகப் பிரித்தேன். ஒரு தேரை குளியலகம் நடத்துகிறது. அந்தத் தேரைக்கு ஒரு மனுஷி பெண்டாட்டி. நீளக்கை ஏப்ரன், தலையில் துண்டு, கம்பளிப்பூச்சி மாதிரி புருவம். பக்கத்துக்குப் பக்கம் முறைக்கிறாள். ஈரக் காலுறைக்கு முறைக்கிறாள், விறகு நனைந்ததற்கு முறைக்கிறாள், முள்ளங்கி நறுக்கிக்கொண்டே முறைக்கிறாள். அவர் படம் போடும்போது அடிக்கடி தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பார், வேலை செய்கிறவளை என்ன பார்வை என்று கேட்பேன், உடனே தலையைக் குனிந்துகொள்வார். எதையோ யோசிக்கிறார், கண் சும்மா என் மேல் நிற்கிறது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அப்படி ஒரு மனுஷன் பார்த்தால் யார்தான் முறைக்க மாட்டார்கள்? அவருக்குக் கிடைத்தது அந்த முகம் ஒன்றுதான் போலிருக்கிறது.

நீங்களும் அதில் இருக்கிறீர்கள். இதை மறைப்பது முறையாகாது. வெந்நீர் சூடு அதிகம், குறைவு என்று மூன்றாம் புத்தகத்திலிருந்து புகார் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒரு வாத்து வருகிறது. சென்டாயிலிருந்து வருகிற வாத்து. படிக்கிறவர்களுக்கு அதை மிகவும் பிடித்திருக்கிறது.

அப்புறம் பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் போட்ட புத்தகம் ஒன்றும் இனிப்புப் பொட்டலம் ஒன்றும் இரண்டு கையாலும் நீட்டி, தலை வணங்கிவிட்டுப் போனார்கள். சந்தை திறப்பதற்கு முன்னால், பக்கத்து மேசைக்காரர்களுக்கு எல்லாரும் செய்கிற மரியாதையாம் அது. எனக்கு யார் சொன்னார்கள்? கறுப்பு ரிப்பன் படம் முன்னால் இருக்கிறது, வந்து தலை வணங்கிக் கொடுக்கிறார்கள், துக்கத்துக்குக் கொடுப்பதாகத்தானே நினைப்பேன். துக்கத்துக்கு வாங்கினால் பதில் மரியாதை செய்ய வேண்டும். நல்லவேளையாகச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க வாங்கியதில் மீந்த தேயிலைப் பொட்டலங்கள் பையில் இருந்தன, ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அவர்கள் திடுக்கிட்டுப்போய், இவ்வளவு நல்ல தேயிலைக்கு வெறும் பயற்று இனிப்பா என்று திரும்பிப் போய் வேறு எதையோ கொண்டுவந்தார்கள். நான் அதற்கும் கொடுத்தேன். அவர்கள் அதற்கும் கொண்டுவந்தார்கள். தேயிலை தீர்ந்ததும் என் மதியச் சோற்றுப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன். கடைசியில் இசாவா எழுந்து நின்று, போதும், எல்லாரும் உட்காருங்கள் என்று அதட்ட வேண்டியதாயிற்று.

கதவு திறந்ததும் வாசகர்கள் வந்தார்கள். சிரித்தபடி வந்து, படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். உங்கள் தம்பிக்காக இத்தனை அந்நியர்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது, சடங்குக்கு நம் சொந்தத்தில் வந்தவர்களைவிட அதிகம், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சைத் தலைமயிர்ப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில் கண்மை எல்லாம் என் ஏப்ரனில் ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்க இரும்புக் கவசம் போட்ட ஒருவர் படத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்து எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் பூட்டிக்கொண்டது. நானும் இசாவாவும் பச்சைத் தலைமயிர்ப் பெண்ணும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தோம். கவசத்துக்குள்ளிருந்து, "மன்னிக்கணும் வீட்டம்மா, முறைக்காதீங்க" என்று அழுகைக் குரல் வந்தது. அப்போதுதான் அண்ணி சிரித்தேன். உங்களுக்குப் போன் செய்தவர் சரியாக அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும்.

வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள், கதை எப்படி முடிகிறது என்று. கடைசிப் புத்தகம் பென்சிலில்தான் இருக்கிறது, மை போடவில்லை. கூட்டம் குறைந்ததும், புத்தகங்களோடு கொண்டுவந்திருந்த அந்தப் பக்கங்களை இசாவாவிடம் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் குளியலகத்தை மூடுகிறார்கள். தேரை, திறந்திருக்கும்போது வாசலில் தொங்கும் திரைத் துணியைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டம்மா கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கிறாள். அவளுக்கு ஏப்ரன் இருக்கிறது, துண்டு இருக்கிறது, முகம் மட்டும் இல்லை, வெறும் வட்டம். வீட்டம்மா முகத்தை அவர் எப்போதும் கடைசியில்தான் போடுவாராம். இசாவா அந்தப் பக்கத்தை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவிவிட்டாள்.

"இதை எனக்குக் கொடுங்கம்மா" என்றாள். "கோடைச் சந்தைக்குள்ள மை போட்டுப் புத்தகமாக்கிடுறேன். அவர் பேர்லதான் வரும், என் பேரு எங்கயும் இருக்காது. முகத்துக்கு மட்டும் நீங்க ஒரு தடவை என் முன்னால வந்து உட்காரணும்."

"குடும்பத்துல பெரியவங்க எரிக்கச் சொல்லிட்டாங்கம்மா."

"யாரு, அந்த வாத்தா?"

அவளை மன்னித்துவிடுங்கள், நல்ல பெண். முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லி, பக்கங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். உடனே அத்தனை பெரிய மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டத் தொடங்கினார்கள். அவர் இறந்த செய்தியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து, படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நான்கு பக்கமும் திரும்பிக் குனிந்து நன்றி சொன்னேன். இசாவா ஒன்றும் சொல்லாமல் அவளும் என்னோடு எழுந்து நான்கு பக்கமும் குனிந்தாள். சந்தை முடியும்போது எப்போதும் அப்படித்தான் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்தபின் என்ன செய்வது, குனிந்தது குனிந்ததுதான்.

ஆகவே அண்ணி, நடந்தது இவ்வளவுதான். இனி அந்தப் பக்கம் போக மாட்டேன். புத்தகங்களையும் பென்சில் பக்கங்களையும் துணியில் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டேன். நாளைக்குக் கோயிலில் தீ மூட்டுகிறார்கள், நீங்கள் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். உங்கள் முழங்கால் குணமாகி, பனி உருகும் வரை வழுக்காமல் நடந்து, நல்ல சூடான வெந்நீரில் குளித்துச் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் உங்கள் தம்பி படத்துக்கு முன்னால் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத
தொகியே

பின்குறிப்பு: தபால்தலை தேடியதில் சில நாள் போய்விட்டது, அதற்குள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கோயிலுக்குப் போனேன். பழைய பொம்மை, போன வருஷத்துத் தாயத்து என்று எரிக்கக் கொண்டுவந்தவர்களோடு வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் பிக்கு என் துணிக்கட்டைக் கையில் வாங்கி, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். தேரை என்றேன். அவர் பதறிப்போய், "உயிரோடயா?" என்றார். கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறி இசாவா வீட்டுக்குப் போய்விட்டேன். என்னைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து, எப்போதும் போல முறைக்கச் சொன்னாள். முயற்சி செய்தேன். ஈரக் காலுறைகளை நினைத்துப் பார்த்தேன். உங்களைக்கூட நினைத்துப் பார்த்தேன் அண்ணி. வரவில்லை. சரி, வருகிற முகம் வரட்டும் என்று அவள் வரைந்துவிட்டாள். முடித்துத் திருப்பிக் காட்டி, "உங்களை மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டாள். எனக்கென்னம்மா தெரியும், என்னைப் பார்த்துக்கிட்டிருந்தது அவர்தானே என்றேன்.