முன் பெஞ்சு லூர்துராஜ்

புத்திமதி சொல்கிறவர்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இல்லாத ஊர் ஏது, வீடு ஏது? இங்கே அறிமுகம் செய்ய வந்தது அதைவிட நுட்பமான ஓர் இனத்தை: புத்திமதி கேட்கிறவர். இவருக்குக் கேட்பதென்றால் உயிர். எங்கே பிரசங்கம் நடந்தாலும் போவார், முதல் ஆளாகப் போவார், கண்ணை விரித்துத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார், கேட்டதில் ஒரு வார்த்தை சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டு வருவார். ஆனால் அதில் ஒன்றைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார். கல்யாணப் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறிவிட்டுச் சாப்பிடாமலே போகிறவரைப் போல, எல்லாம் அடுத்தவர் இலைக்குத்தான்.

மகாராஜா காலத்து மைசூரில், லஷ்கர் மொஹல்லாவில் குடியிருந்த லூர்துராஜ் இந்த இனத்தில் அசல் சரக்கு. ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் குடியைக் கண்டித்தால் லூர்துராஜின் கழுத்து மெதுவாகத் திரும்பி, பின்னால் இருக்கிற ஒருவரைத் தேடிப் பிடிக்கும். புறணி பேசுவதைக் கண்டித்தால் பெண்கள் பக்கம் போகும். கர்வத்தைக் கண்டித்தால் மட்டும் அந்தக் கழுத்துக்குத் திண்டாட்டம். யாரைப் பார்ப்பது, யாரை விடுவது?

பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாலும் இதே கதைதான். "சுவாமி, என் பெண்சாதிக்குப் பொறுமை போதாது. மச்சான் பெரிய வெள்ளிக்கிழமையிலே கறி தின்னான்" என்று ஆரம்பித்து, குடும்பத்துப் பாவங்களை ஒன்று விடாமல் ஒப்பிப்பார். "அதெல்லாம் அவங்க வந்து சொல்லுவாங்கப்பா, நீ உன்னுதைச் சொல்லு" என்பார் சாமியார். லூர்துராஜ் கொஞ்சம் யோசிப்பார். யோசித்துவிட்டு, "அவங்களைக் கண்டிக்காம விட்டது என் பாவம்தான், சுவாமி" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்கு, கன்னியர் மடத்துப் பெண் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று ஒன்று ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? பிள்ளைகளுக்கு மட்டும் பாடம் சொன்னால் போதாது, பெற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும் என்று மடத்துத் தலைவியான மதருக்குத் தோன்றியதன் பலன் அது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், சின்னப் பெண்கள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் அப்பாக்கள் ஒரு பக்கமும் அம்மாக்கள் ஒரு பக்கமுமாக, முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மதர் கடல் தாண்டி வந்தவர். தமிழை ஜெபப் புத்தகத்திலிருந்து கற்றுக்கொண்டவர். "பிரியமான பிதாக்களே, மாதாக்களே" என்று அவர் தொடங்கினால் பாதிப் பேர் தங்களையறியாமல் எழுந்து நிற்பார்கள்.

லூர்துராஜுக்கு எப்போதும் முன் பெஞ்சு. மதர் சொல்வது நன்றாகக் காதில் விழும் என்பதற்காக என்று நினைத்தால் நீங்கள் அவரை அறியவில்லை. முன்னால் இருந்தால்தான் திரும்பிப் பார்க்க எல்லாரும் கிடைப்பார்கள். "பிள்ளையின் எதிரில் தாய்தகப்பன் சண்டையிடலாகாது" என்பார் மதர். லூர்துராஜ் திரும்பி, கடைசி பெஞ்சில் இருக்கும் மதலைமுத்துவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். மதலைமுத்து அரண்மனை பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர்; ஆகையால் எந்தப் புத்திமதியிலும் அவருக்கு முதல் பங்கு. "குமாரத்தியின் தையல் வேலையை மாதா செய்து கொடுக்கலாகாது" என்பார் மதர். கழுத்து அம்மாக்கள் பக்கம் போய், மார்க்கெட்டில் வெற்றிலை விற்கிற கெம்பம்மாவின் மேல் நிற்கும். கெம்பம்மா கொள்ளேகாலத்துக்காரி, ஊசியில் நூல் கோக்கக்கூட நேரமில்லாதவள். அதனால் என்ன? பார்வை பார்வைதான்.

தசராவுக்கு முந்திய மாதக் கூட்டத்தில் மதர் சொன்ன பாடம் இது: "உங்கள் குமாரத்தியை அருகே உட்காரப் பண்ணுங்கள். ஒரு ஜெபமாலை சொல்லுகிற நேரம் அவள் பேசட்டும். நீங்கள் மௌனமாயிருங்கள். குறுக்கே ஒரு வார்த்தையும் சொல்லலாகாது. மாலை முடிந்தபின் நீங்கள் பேசலாம்." அப்பாக்கள் பக்கத்தில் பெஞ்சுகள் முனகின. ஜெபமாலை நேரம் என்றால் சோறு ஆறிப்போகிற நேரமல்லவா? லூர்துராஜுக்கோ கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஊருக்கு எது தேவையென்று அவர் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாரோ அதை அந்த அம்மாள் அப்படியே சொல்லிவிட்டார். கூட்டம் கலைந்ததும் கேட்டருகே நின்று, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் மதர் சொன்னதை மறுபடி ஒருமுறை சொன்னார். அவர்களும் அதே கூட்டத்திலிருந்துதான் வந்தார்கள் என்பது அவருக்கு ஒரு தடையாகத் தெரியவில்லை.

இனி அவர் வீட்டுக்குள் போவோம். ஒரே மகள் ஹில்டா, அதே பள்ளிக்கூடத்து மாணவி. அவளுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கொஞ்ச நாளாகக் கரும்பலகையில் எழுதுவது அவள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஏதோ வெள்ளையாகக் கலைந்து கிடக்கிற மாதிரி இருந்தது. பக்கத்துப் பெண்ணின் சிலேட்டைப் பார்த்து எழுதினாள். வகுப்பு சிஸ்டர் அதைக் காப்பியடிப்பதாக எடுத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னாள், ஆனால் பிடிபட்டவள் சொல்கிற காரணம் யார் காதில் ஏறும்? "உன் அப்பா வந்து பேசட்டும். வராவிட்டால் தசரா லீவு முடிந்ததும் நீ கீழ் வகுப்பில்தான் உட்காருவாய்" என்றுவிட்டார். ஆக ஹில்டாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவிடம் இரண்டு வாக்கியம் பேசி முடிக்க வேண்டும்.

"அப்பா, போர்டுல எழுதறது..."

"போர்டைப் பாத்துத்தான் எழுதணும். கவனம் சிதறக் கூடாது. ஆமா, மதலைமுத்து மக ஒழுங்கா எழுதறாளா?"

மறுநாள், "அப்பா, சிஸ்டர் உங்களை..." என்று ஆரம்பித்தாள்.

"சிஸ்டர்மாருக்குக் கீழ்ப்படியணும். அவங்க பேச்சைத் தட்டப்படாது."

மனைவி ஜூடித் சமையலறை வாசலுக்கு வந்து, மைசூர் வழக்கப்படி கன்னடம் கலந்து, "ஏன் ரீ, பொண்ணு என்னமோ சொல்ல வரா, கொஞ்சம் காது குடுங்களேன்" என்றாள்.

"அதைத்தான் மதரும் சொன்னாங்க, ஜூடித். நீ அவ பேச்சைக் கேக்கறதே இல்ல" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, லூர்துராஜ் ஜெபமாலையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். எங்கே என்கிறீர்களா? ஊரார் தங்கள் பெண்கள் பேசுவதைக் கேட்கிறார்களா இல்லையா என்று மேற்பார்வை பார்க்க.

முதலில் கெம்பம்மா வீடு. அவள் வெற்றிலைக் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு உங்க சாமி மாலையெல்லாம் உருட்டத் தெரியாதுங்க" என்றாள்.

"நீ உருட்ட வேண்டாம்மா, நான் உருட்டறேன். நீ உன் மகளைப் பேச விட்டுக் கேளு, போதும்."

"அவ பேசாத நேரம் ஏதுங்க? கூடையத் தூக்குனாலும் பேசுறா, எறக்குனாலும் பேசுறா. எம் புள்ள பேசுறத நானு கேக்காம ரோட்டுல போறவங்களா கேப்பாங்க?"

லூர்துராஜ் திருப்தியில்லாமல் திரும்பினார். மாலை இல்லாமல் கேட்பதெல்லாம் ஒரு கேட்பா?

அடுத்தது மதலைமுத்து. இந்த முறை ஹில்டாவையும் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு ஒரு பெண் இருந்தால் மதலைமுத்துவின் மகளுக்குக் கூச்சம் தெளியுமே என்று. மதலைமுத்து தசரா ஊர்வலத்துக்காகக் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு பேடா ரீ, பிராக்டிஸ் இருக்கு" என்று மறுத்துப் பார்த்தார். நடக்கிற காரியமா? அவரை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே முக்காலியில் அவர் மகளை உட்கார வைத்து, லூர்துராஜ் மாலையைக் கையில் எடுத்தார். சட்டத்தையும் ஒருமுறை எடுத்துச் சொன்னார்: மாலை முடிகிறவரை பிள்ளை மட்டும்தான் பேசலாம், பெரியவர்கள் யாரும் மூச்சு விடக் கூடாது.

பக்கத்து வீட்டு மாமா மாலையும் கையுமாக முறைத்துக்கொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அந்தப் பெண் மடத்தில் கொடுத்த ரொட்டியைப் பற்றிச் சொன்னாள், ஒரு பூனையைப் பற்றிச் சொன்னாள், அப்புறம் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெபமாலையில் பாதிகூட ஆகவில்லை. மதலைமுத்து எழுந்திருக்கப் பார்த்தார். லூர்துராஜ் மாலையை உயர்த்திக் காட்டி உட்கார வைத்தார். சட்டம் சட்டம்தான்.

மதலைமுத்து பெருமூச்சு விட்டுச் சுற்றிலும் பார்த்தார். வாசற்படி அருகே ஹில்டா நின்றிருந்தாள். "நீயாவது ஏதாச்சும் சொல்லு கண்ணு. இந்த மாலை எப்படியும் முடியணுமே" என்றார். சட்டத்தை மீறிப் பேசியதற்காக லூர்துராஜ் அவரை முறைத்தார்.

ஹில்டா அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் மாலை இருந்தது, வாய் மூடியிருந்தது. பிறந்ததிலிருந்து அவளுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

"எனக்குப் போர்டு தெரியலை, மாமா" என்று மதலைமுத்துவைப் பார்த்தே ஆரம்பித்தாள். "முன்னாடி உக்காந்தாலும் தெரியலை. பக்கத்துப் பொண்ணு சிலேட்டைப் பாத்து எழுதினேன். சிஸ்டர் காப்பின்னு சொல்லிட்டாங்க. அப்பா வந்து பேசலேன்னா லீவு முடிஞ்சதும் கீழ் வகுப்புல போட்டுடுவாங்க. சின்னப் பொண்ணுங்களோட."

லூர்துராஜ் வாயைத் திறந்தார். மதலைமுத்து உதட்டில் விரலை வைத்து, மாலையைச் சுட்டிக் காட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"வீட்ல சொல்லிப் பாத்தேன். போர்டுன்னு சொன்னா அப்பா கவனம் வேணும்ங்கறாங்க. சிஸ்டர்னு சொன்னா கீழ்ப்படியணும்ங்கறாங்க. கோயில்லகூட மாதா முகம் எனக்குத் தெரியறதில்ல, மாமா. எந்த இடத்துல இருக்காங்கன்னு தெரியும். அதனால அங்க பாத்துக் கும்பிட்டுக்கறேன்."

லூர்துராஜின் விரலில் மாலை நகரவில்லை. ஒரே மணியில் நின்றுவிட்டது. இந்த இடத்தில் கேலி செய்ய மனம் வரவில்லை, ஆகையால் உள்ளபடியே சொல்லிவிடலாம். அந்த மனிதர் அழுதார். சத்தமில்லாமல், தன் சட்டத்தைத் தானே மீறாமல் அழுதார். ஹில்டா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பதை அவர் எத்தனையோ நாளாகக் கவனித்திருக்கிறார். தன் தாயாரின் சாடை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

மறுநாளே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஜட்கா பிடித்து மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். சிஸ்டரிடமும் போய்ப் பேசினார். சிஸ்டர் ஹில்டாவை அணைத்துக்கொண்டு, தான் சொன்னதை மறந்துவிடச் சொன்னார். கீழ் வகுப்புப் பேச்சு அதோடு போயிற்று. மூக்குக் கண்ணாடி வந்த ஞாயிறன்று ஹில்டா கோயிலில் மாதா பீடத்தைப் பார்த்தபடி நின்றவள், பூசை முடிந்து விளக்கை அணைக்க ஆள் வந்த பிறகும் நகரவில்லை. லூர்துராஜ் அவளை அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நின்றார்.

இதோடு முடித்துவிட்டால், ஆள் திருந்திவிட்டார் என்று நீங்களும் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் அழியக்கூடியதா?

தசரா கழிந்து வந்த கூட்டம். அதே குட்டை பெஞ்சுகள், அதே முழங்கால்கள். வந்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்க ஹில்டாவைக் கதவருகே தட்டோடு நிறுத்தியிருந்தார்கள். மதர் எழுந்தார். "பிரியமான பிதாக்களே, மாதாக்களே. ஊரார் குமாரத்திகளுக்காகக் கவலைப்பட்டு அலைந்து, தன் குமாரத்தியின் கண் மங்குவதை அறியாதிருக்கிற தகப்பன்மார் உண்டு" என்றார். அத்தனை முகமும் முன் பெஞ்சின் பக்கம் திரும்பியது.

லூர்துராஜ் தலையை ஆட்டினார், ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு அந்தக் கழுத்து மெதுவாகத் திரும்பிக் கடைசி பெஞ்சுக்குப் போய், மதலைமுத்துவின் மேல் நின்றது, புருவம் உயர்ந்தது. எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டார். அவர் மனம் நிறைந்துவிட்டது. வீடு வீடாகப் போய்ச் சொன்னது வீணாகவில்லை, ஜனங்கள் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்!

கதவருகே ஹில்டா அந்தத் தூரத்திலிருந்து அத்தனையும் பார்த்தாள். முன்பெல்லாம் அங்கிருந்து அப்பா என்றால் வெறும் கோட்டும் தலைப்பாகையும்தான். இப்போது புருவம்வரை தெரிந்தது. தட்டு ஆடாமல் இருக்க உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அட, இது நம்ம ஆளேதான்' என்று யாராவது உங்களுக்கு நினைவுக்கு வந்தாரா? மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ? இதை அவர் கையில் கொடுத்து ஒருமுறை படிக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதா? தாராளமாகக் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்து உட்காருங்கள். லூர்துராஜ் முன் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, உங்களுக்கு இடம் விட்டிருக்கிறார்.