சம்பந்தி வீட்டுச் சொம்பில் விட்ட மீட்டர்

பயந்தாங்கொள்ளி கையில் எந்தக் கருவியையும் கொடுக்கக் கூடாது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பயப்படுவதை மட்டும் இன்றுவரை விடவில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும், பேனா மாதிரியான மீட்டர் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிந்தேன். (பார்த்தவர்கள் படித்தவன் என்று நினைத்திருப்பார்கள்.) கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு அது நூற்றுச் சொச்சம்தான் காட்டியது. நானே பாஸான மாதிரி ஒரு மிதப்பு.

அந்த மிதப்போடுதான் தியாகதுருகத்துக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. பெரியவர்கள் தலையாட்டுவதுதான் பாக்கி. பையனின் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடிப்பதுதானே முறை? நான் மீட்டரை உள்ளே விட்டேன். எண்ணூறைத் தாண்டியது.

"ஐயையோ!" என்று கத்திவிட்டேன்.

"யோவ், அத உள்ள வையா!" என்று என் மனைவி தொடையில் கிள்ளினாள்.

"இன்னா அண்ணே அது?" என்றார் அந்த அம்மா.

"தண்ணி நல்லதா கெட்டதான்னு காட்டிடும்ங்க."

"அப்படியா? குடுங்க." அடுப்படியிலிருந்து ரசத்தைக் கொண்டுவந்து அதில் முக்கினார். எண் தாறுமாறாக ஏறி, மீட்டரே கைவிரித்துவிட்டது. "பாத்தீங்களா! இத்தினி வருஷமா வெசத்தயே துன்னுக்கினு இருக்கோம்!"

கூடமே சிரித்தது. நான் மட்டும் மீட்டரை வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இது உப்பத்தான காட்டுது? கிருமியக் காட்டுமா? ரெண்டு வூட்டுத் தண்ணியும் லேபுக்குப் போவட்டும் அண்ணே. அப்பறம் பேசிக்கலாம்" என்றார் அந்த அம்மா.

முடிவு வரும்வரை மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்தபிறகு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவர்கள் தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் குடிக்கலாம், கிருமி இல்லை. என் அருமைக் கிணற்றில் உப்பு கம்மி, கிருமி இருந்தது! குளோரின் போட வேண்டும், காய்ச்சாமல் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

இடம் கைவிட்டுப் போனது என்று நினைத்துக்கொண்டே அந்த லேப் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா படித்துவிட்டு, "ஐயோ பாவம்! பொண்ண சீக்கிரமா எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க அண்ணே" என்றார்.

இப்போது கிணற்றைச் சுத்தம் செய்து, குளோரின் போட்டு, தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம். இருந்தாலும் எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் சம்பந்தியம்மா ஒரு கேன் தண்ணீரோடுதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்.

"பயப்படாதீங்க அண்ணே, உங்களுக்கும் சேத்துதான் கொண்டாந்திருக்கேன்."