மேட்டில் நின்ற மாப்பிள்ளை வண்டி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கு நீங்களும் மகளும் பேத்தியும் அதே சௌக்கியத்தோடு இருப்பீர்கள் என்று நம்பி, உங்கள் வண்டியின் சௌக்கியத்துக்கு வருகிறேன்.

முதலில் மன்னிப்பு. மூன்று வருடங்களுக்கு முன் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது உங்கள் பழைய பிக்கப்பை எங்கள் கொட்டகையில் விட்டுவிட்டு, "மாமா, வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி ஒரு சுத்து போயிட்டு வாங்க, போதும்" என்றீர்கள். நானும் ஒவ்வொரு கடிதத்திலும் "வண்டி ஜோர்" என்று எழுதி வந்தேன். உண்மையில் முதல் வாரம் மட்டும்தான் சுற்றினேன். அதன்பின் வாரம் தவறாமல் கதவைத் திறந்து, வண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

இப்படி இருக்கையில் உங்கள் மாமியார் மேட்டுத்தெருவில் தையல் கடை போட இடம் பிடித்தாள். ஆறு மெஷின், ஐந்து பெண்கள், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறப்பு. அன்று சாயங்காலத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரிக்கு முப்பது திரைச்சீலை தைத்துக் கொடுப்பதாக வாக்கு வேறு கொடுத்திருந்தாள். தவறினால் அடுத்த ஆர்டர் கிடையாது. மெஷின்களை ஏற்ற ஒரு வாடகை வண்டி சொல்லச் சொன்னாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாப்பிள்ளை வண்டி இருக்கும்போது வாடகை வண்டி எதுக்கு?" என்று மார்தட்டிவிட்டேன். உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மனிதர் பொடி உருவம் என்றாலும் குரல் ஒலிபெருக்கி. டேங்க்கிலிருந்த பழைய பெட்ரோலை முகர்ந்து பார்த்து, "சார், இது பெட்ரோல் இல்ல, வார்னிஷ்" என்றார். அதைக் கொட்டி, புது பேட்டரி போட்டு, கார்புரேட்டரைக் கழற்றி அதன் பொடிப்பொடி ஓட்டைகளில் எல்லாம் காற்றடித்தார். சாவியைத் திருப்பினேன். முதல் தடவையிலேயே உறுமியது. நானும் உறுமினேன்.

திங்கட்கிழமை சமதரையில் வண்டி தேர் மாதிரி போயிற்று. மேட்டுத்தெரு ஏற்றத்தில்தான் அதற்கு உயிர் போக ஆரம்பித்தது. மூன்றாவது கியர், இரண்டாவது, முதலாவது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தும் பயனில்லை. கைவண்டிக்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, "தள்ளணுமா ஐயா?" என்று வேறு கேட்டார். அத்தோடு நின்றது. மெக்கானிக் பைக்கில் பறந்து வந்து, "பில்டர்தான்!" என்று முழங்கி, பெட்ரோல் பில்டரை மாற்றினார். வண்டி கிளம்பியது! நூறு அடியில் நின்றது. "பிளக்குதான்!" நாலு பிளக்கையும் மாற்றினார். கிளம்பியது, நின்றது. நடுரோட்டில் கார்புரேட்டரை மறுபடி பிரித்தார், பூட்டினார், அதே கதை. ஒவ்வொரு தடவையும் அவர் வைத்தியம் பலிப்பதும், நாங்கள் கைதட்டுவதும், தட்டிய கை இறங்குவதற்குள் வண்டி படுப்பதுமாக மணி பதினொன்று. கடையிலிருந்து பெண்கள் இறங்கி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, "அக்கா, இன்னிக்கு வேலை உண்டா, இல்லையா?" என்றாள். உங்கள் மாமியார் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

கடைசியில் மெக்கானிக், "பெட்ரோல் கம்மியா இருக்குமோ?" என்று கேனை எடுத்தார். பக்கத்தில் நின்ற உங்கள் மாமியார் டேங்க் மூடியைத் திருகினாள். 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"ஏங்க, இது மூச்சை உள்ள இழுக்குதுங்க."

"சூட்டுல அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

"எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமா? காத்துக்கு இன்னொரு ஓட்டை வேணாமா? முப்பது வருஷம் குடிதண்ணி ஆபீஸ்ல குழாயைத்தானே பாத்தீங்க?"

மெக்கானிக் மூடியை வாங்கிக் கவிழ்த்தார். காற்றுப் போகும் துவாரத்தின் மேல் குளவி ஒன்று மண்ணைக் குழைத்து அழகாக வீடு கட்டியிருந்தது. காற்று புகாததால் ஓட ஓட பெட்ரோல் வருவது நின்றிருக்கிறது; நாங்கள் நின்று ரிப்பேர் பார்த்த நேரத்தில் எப்படியோ கொஞ்சம் காற்று கசிந்து புகுந்திருக்கிறது. பில்டரும் பிளக்கும் பாவம், நிரபராதிகள். உங்கள் மாமியார் ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்துத் துவாரத்தைக் குத்திவிட்டாள்.

மெக்கானிக் முதல் தடவையாக மெல்லிய குரலில், "அம்மா, நீங்க எந்த ஒர்க்‌ஷாப்பு?" என்றார்.

"இன்னிக்குத்தான் தொறக்கப் போறேன். வழி விட்டா."

வண்டி ஒரே மூச்சில் மேடேறியது. ஆறு மெஷினும் மத்தியானமே ஓடின. முப்பது திரைச்சீலையும் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தன. என் மானமும் அவற்றோடு போய்ச் சேர்ந்தது.

வண்டி இப்போது நிஜமாகவே ஜோர். அடுத்த மாதம் நீங்கள் ஊர் திரும்பும்போது கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தியிருப்பேன்; தாராளமாக எடுத்துப் போகலாம். மகளுக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தங்கள். உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சந்தோஷமும் கிடைக்க மனமார வாழ்த்தும்,

மாமனார்

பி.கு: இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது கொட்டகை காலி. உங்கள் மாமியார் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். வண்டியின் இரண்டு கதவிலும் கடைப் பெயரை எழுதியும் ஆயிற்றாம். எனவே நீங்கள் பஸ்ஸில் வருவது நல்லது. வேலை ஒழிந்தால் அவளே உங்களைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.