ஏவ்ரில் வீணடித்த சலுகை

செல்வின் கிரீன்வுட் தன் மனைவி ஏவ்ரிலுக்குத் தரவேண்டிய கடன் அறுநூற்று நாற்பது பவுண்டு. அப்படி ஒரு கடன் இருப்பது ஏவ்ரிலுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

கல்யாணமாகி முப்பதாவது ஆண்டு என்பதால் மால்டா தீவுக்குப் போய்வர வேண்டும் என்று அவள் ஒரு தகர டப்பாவில் தொள்ளாயிரம் பவுண்டு சேர்த்து வைத்திருந்தாள். மாதக் கடைசியில் அதை எடுத்துப் பயண ஏற்பாட்டுக்காரர்களுக்குக் கட்ட வேண்டும். அந்த டப்பாவில் கைவைத்துத்தான் செல்வின் ஒரு பந்தயப் புறா வாங்கினான். பெரிய வம்சத்துப் புறா என்று சொல்லி விற்றார்கள். முதல் பந்தயத்தில் பறக்கவிட்டதும், வடக்கே வீட்டைப் பார்த்து வரவேண்டிய அது கடலைத் தாண்டி பெல்ஜியத்துக்குப் போனது. அங்கே யாருடைய கூண்டிலோ ஜோடி சேர்ந்து முட்டையும் இட்டுவிட்டதாகத் தகவல் வந்தது.

செல்வின் கூரை வேலைக்காரன். டாட்மர்டன் ஊரில் அந்தத் தொழிலுக்கு ஒரு சாபக்கேடு உண்டு. கூரை ஒழுகுவது மழை நாளில். ஏற முடிவது வெயில் நாளில். வெயிலோ அந்தப் பக்கம் வழி தப்பி வந்தால்தான் உண்டு. ஒரு நாள் கூரைமேல் இருந்தால் இரண்டு நாள் வேனுக்குள் உட்கார்ந்து கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஏணியைக் கண்டாலே முழங்கால் இரண்டும் முனகத் தொடங்கிவிடும். ஆனாலும் குடும்பத்தைத் தாங்குகிற உத்தரம் தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

ஏவ்ரிலுக்கு என்ன வேலை? சமையலறை மேசையில் கணினியை வைத்துக்கொண்டு எதையோ தட்டுவாள். குழாய்க்காரன், பெயிண்டர், தச்சன் என்று ஊரில் பாதிப்பேர் பை நிறையக் கசங்கிய ரசீதுகளோடு வந்து, அவளோடு பேசித் தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். இளகின மனசுக்காரி, யார் வந்தாலும் உட்கார வைத்து விடுவாள் என்று செல்வின் நினைத்துக்கொண்டான்.

சாரம் கட்டுகிற ராய்ஸ்டன்தான் பப்பில் உட்கார்ந்து அந்த வழியைச் சொன்னான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரில் குறைவாகச் சம்பாதிக்கிறவருக்கு, வரி இல்லாமல் அரசாங்கம் விடுகிற தொகையில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். அதை மற்றவருக்கு மாற்றிக்கொடுத்தால் மற்றவர் வரியில் வருஷத்துக்கு இருநூற்று ஐம்பத்திரண்டு பவுண்டு மிச்சம். நாலு வருஷம் பின்னால் போயும் கேட்கலாம். குறைவாகச் சம்பாதிக்கிறவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ராய்ஸ்டன் வீட்டில் அப்படித்தான் வாங்கினார்களாம். கணக்கு பார்க்கிற அம்மாவே எல்லாம் செய்து கொடுத்துவிட்டார்களாம்.

“எந்த அம்மா?” என்று செல்வின் கேட்டான்.

ராய்ஸ்டன் அவனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு அம்பு எறிகிற பலகைப் பக்கம் போய்விட்டான்.

செல்வினுக்கு அது பெரிதாகப் படவில்லை. மனம் கணக்கில் இருந்தது. மேஸ்திரி பாராக்ளஃப் வாராவாரம் அவன் கூலியில் நூற்றுக்கு இருபது வரிக்கென்று வெட்டிக்கொண்டுதான் தருகிறார். அங்கே வரி கொட்டுகிறது, இங்கே ஏவ்ரிலின் சலுகை பூசணம் பிடிக்கிறது. நாலு வருஷத்துப் பணம் வந்தால் டப்பாவையும் நிரப்பலாம். பெல்ஜியம் போய் அந்தப் புறாவை நாலு வார்த்தை கேட்டுவிட்டும் வரலாம்.

அன்று சாப்பிடும்போது பேச்சை எடுத்தான்.

“உன் வரிச் சலுகையில கொஞ்சம் எனக்கு மாத்தி விடேன், ஏவ்ரில். சும்மா கிடந்து வீணாத்தானே போகுது.”

ஏவ்ரில் வாயிலிருந்த உருளைக்கிழங்கை நிதானமாக மென்று விழுங்கினாள். “யாரு சொன்னா உனக்கு?”

“ராய்ஸ்டன்.”

“ராய்ஸ்டனா.” அவளுக்குச் சிரிப்பு வந்து, அதையும் விழுங்கினாள். “அதெல்லாம் நான் பாத்துக்கறேன், செல். நீ கூரையைப் பாரு.”

பெண்டாட்டி ‘பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் முடியாது என்று அர்த்தம். முப்பது வருஷத்தில் செல்வின் படித்த பாடம் அது. சரி, குளிர வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தான். டப்பாவிலிருந்து இன்னும் நாற்பத்தெட்டு பவுண்டு எடுத்து ஒரு பூங்கொத்து வாங்கினான். மீதியில் கால்வாய்க் கரை உணவகத்துக்கு அழைத்துப் போய் ஆட்டுக்கறி வாங்கிக் கொடுத்தான். சாப்பாடு முடிகிறவரை ஏவ்ரில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ணித் தொலைச்ச?” என்றாள் கடைசியில்.

ஒன்றுமில்லை, ஆசையாக இருந்தது என்றான் செல்வின். போன தடவை அவனுக்கு ஆசையாக இருந்தபோது கார் போய்ச் சுவரில் இடித்திருந்ததாக ஏவ்ரில் ஞாபகப்படுத்தினாள். வீட்டுக்கு வந்து காரைச் சுற்றி ஒரு நடையும் நடந்து பார்த்தாள். சலுகைப் பேச்சை எடுக்க அதன்பின் அவனுக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் பாட்டுக் குழுவுக்குப் போனபோது செல்வின் கைபேசியைத் துழாவினான். வரிப் பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி ஆடிப் பாடி அழைத்தது. மீட்கிற பணத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு அவர்களுக்கு. பதிவுக் கட்டணம் தொண்ணூற்றைந்து பவுண்டு, முன்னாலேயே. நேரே கேட்டால் அரசாங்கம் காலணா வாங்காமல் செய்கிற காரியம் அது. அதை அவனுக்கு யார் சொல்வது? டப்பா மறுபடி திறந்தது. விண்ணப்பிக்கிறவர் பெயர் ஏவ்ரில் கிரீன்வுட் என்று தட்டினான். வருமானம் என்ற இடத்தில் ‘சொற்பம்’ என்று எழுதப் பார்த்தான். எண்தான் வேண்டும் என்றது. ஆயிரம் என்று போட்டான். கண்ணாடித் திரையில் விரலால் அவளுடைய கையெழுத்தையும் கீறினான்.

பத்து நாள் கழித்துச் செய்தி வந்தது. விண்ணப்பதாரரின் வருமானம் வரம்பைத் தாண்டியதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கட்டணம் திருப்பித் தரப்படாது. பொய்யான தகவல் தருவது தண்டனைக்குரியது. வரித்துறையின் கடிதம் விண்ணப்பதாரருக்குத் தனியே வரும்.

சமையலறையில் தட்டிக்கொண்டிருக்கிறவளுக்கு வரம்பைத் தாண்டிய வருமானமா? யந்திரம் வேறு யாரோ ஏவ்ரிலைப் பிடித்துக் குழப்பியிருக்கிறது. குழப்பினாலும் பொய்க் கணக்கில் இருப்பது இவள் பெயர். மால்டாவுக்குப் போகவேண்டியவளை எங்கே அனுப்பப் போகிறார்களோ என்று செல்வின் பயந்தான்.

கடிதத்தை வழிமறிக்க இரண்டு காலை வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான். அதிசயமாக அந்த இரண்டு நாளும் வெயில் அடித்தது. பாராக்ளஃப் கூப்பிட்டு ஏசினார். தபால்காரியோ, வெளியே நிற்க வைத்துவிட்டாளா உன் பெண்டாட்டி என்று கேட்டு, தெருவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள். கடிதம் வரவில்லை. மாதம் முடிய இரண்டு நாள்தான் பாக்கி.

மூன்றாம் நாள் மழை. வேனுக்குள் உட்கார்ந்து வரித்துறைக்கே போன் செய்தான். காத்திருப்பவர்களுக்குப் போடுகிற பியானோ இசையை முக்கால் மணி நேரம் கேட்ட பிறகு கேர்ஸ்டி என்று ஒரு பெண் வந்தாள். பிறந்த தேதி, வரி எண் எல்லாம் கேட்டுக்கொண்டாள். செல்வின் அடைமழையாகக் கொட்டினான்: டப்பா, புறா, பூங்கொத்து, கம்பெனி, எல்லாம் சேர்த்து எழுநூற்று எண்பத்து மூன்று பவுண்டு.

“கையெழுத்து நான் போட்டதும்மா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. பிடிக்கிறதுன்னா என்னைப் பிடிங்க, அவளை விட்டுடுங்க. மால்டா போகணும்னு மூணு வருஷமா நீச்சல் பழகுறா.”

அந்தப் பக்கம் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. விண்ணப்பத்தைத் தள்ளியாயிற்று, விஷயம் அதோடு முடிந்தது, இனிமேல் இப்படிச் செய்யாதீர்கள் என்றாள் கேர்ஸ்டி. மனைவியின் வருமானம் பற்றித் தான் மூச்சுவிடக் கூடாது என்றும், அவனுடையதை வேண்டுமானால் சொல்லலாம் என்றும் சொன்னாள்.

“போன வருஷம் செலவு போக உங்க லாபம் ஒம்பதாயிரத்து நானூறு பவுண்டு, ஐயா.”

“மழைம்மா.”

“தெரியுது. அதுக்கு முந்தின வருஷமும் மழைதான் போல.”

“ஆனா வாராவாரம் நூத்துக்கு இருபது வரி வெட்டுறாங்களே?”

வெட்டினது முழுக்க ஒவ்வொரு வருஷமும் வீட்டு வங்கிக் கணக்குக்கே திரும்பி வந்திருக்கிறது, இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு வரியே கிடையாது என்றாள் அவள். ஒவ்வொரு ஜனவரியிலும் ஏவ்ரில் காலை உணவுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வைப்பதும், அவன் ஜாம் ஒட்டிய கையோடு அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“அப்ப… ஏவ்ரில் கிட்ட வீணாக் கிடக்குற அந்தச் சலுகை?” என்று மெல்லக் கேட்டான்.

“வீணாக் கிடந்தது உங்களுது, ஐயா. நாலு வருஷமா நீங்கதான் கையெழுத்துப் போட்டு அதை உங்க மனைவிக்குக் குடுத்துட்டு இருக்கீங்க. மொத்தம் ஆயிரத்து எட்டு பவுண்டு. அந்தப் புறா, பூங்கொத்து, கம்பெனி எல்லாத்தையும் கழிச்சாக்கூட, அவங்கதான் உங்களுக்கு இன்னும் இருநூத்தி இருபத்தஞ்சு பவுண்டு தரணும்.”