மாமியின் வலது காலில் என் சப்பாத்து

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
திங்கட்கிழமை

பேரன்புக்குரிய சிவநேசம் மாமிக்கு,

முந்தின ஞாயிறு பின்னேரம், எங்கள் மூன்றாம் மாடி வாசலில், நான் உங்களிடம் சொல்லாமல் விட்ட வசனம் இது: மாமி, உங்கள் வலது காலில் இருப்பது என்னுடைய சப்பாத்து. ஏழே ஏழு சொற்கள். எட்டு நாளாக அவற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

முறைப்படி முதலில் சுகம் விசாரித்திருக்க வேண்டும். இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் நலம். அங்கே ரொறன்ரோவில் நீங்களும் உங்கள் மகன் ரதீசன் மச்சானும் நலம் என்பதும், குறிப்பாக உங்கள் வலது கால் மிக நலம் என்பதும் தினமும் போனில் தெரிந்துகொள்கிறோம். நானும் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும், அம்மாவின் போனும் அப்படித்தான். நான் சொல்லப் போவது அம்மாவின் காதில் விழக்கூடாதது. ஆகவே கடிதம்.

மாமி, இந்த அகலக் கால் எனக்கு அப்பாவோடு கூடப்பிறந்த உங்கள் பக்கத்தால் வந்தது. அப்பாவுக்கு ஒல்லிக் கால், அம்மாவுக்குப் பூனைக் கால். நான் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நீங்கள் துணியை விலக்கி முதலில் பார்த்தது என் பாதங்களைத்தான் என்றும், “இது எங்கட கால்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னீர்கள் என்றும் அம்மா இன்றைக்கும் சொல்லுவார். கைக்கு அடக்கமான ஒரு நாவலை எடுத்து என் காலின் மேல் வைத்தால் இரண்டு பக்கமும் கால் தெரியும். நூலகத்தின் நிலவறையில், திரும்பி வரும் புத்தகங்களைப் பிரித்து அடுக்கும் தற்காலிக வேலையில் மூன்று வருடம் இருந்தபோது இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை, அங்கே என் காலைப் புத்தகங்கள் மட்டுமே பார்த்தன. இப்போது மேல்தளத்தில் நிரந்தர வேலை ஒன்று வந்திருக்கிறது. அடுத்த கிழமைக்கு அடுத்த செவ்வாய் நேர்முகம். அதில் அரை மணிநேரம், தெரிவுக்குழுவை நாலு மாடியும் நடத்திக் கூட்டிக்கொண்டுபோய், நூலகத்தை முதல்முறை பார்க்கிறவர்களுக்குக் காட்டுவதுபோலக் காட்ட வேண்டும். பொறுப்பாளர் செலீன் அனுப்பிய கடிதத்தில், மூடிய, கறுப்பு, நேர்த்தியான சப்பாத்து என்று தனியாக ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாடுதான் இனி வருவது.

முதலில் அம்மாவும் நானும் டவுன்டவுன் கடை ஒன்றுக்குப் போனோம். ஜெசிக்கா என்ற விற்பனைப் பெண் என் காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பரிவோடு பார்த்தாள், பிறகு “தோல் இளகும்” என்றாள். தோல் இளகுவதற்கு முன் கால் உள்ளே போகவேண்டும் அல்லவா, போனது, ஆனால் போன கால் திரும்பி வரவில்லை, அது தட்டில் காட்சிக்கு வைத்திருந்த சப்பாத்து என்பதால் திருட்டுப் போகாமலிருக்க ஒரு கம்பியால் கட்டியும் இருந்தார்கள், ஆக நான் அந்தத் தட்டோடு கட்டிப்போட்ட ஆட்டுக்குட்டி மாதிரி நின்றேன், ஜெசிக்கா சப்பாத்தை இழுக்க, அம்மா என்னை இடுப்பில் பிடித்து மற்றப் பக்கம் இழுக்க, சனம் வேடிக்கை பார்த்தது.

“மூச்சை விடு பிள்ளை, மூச்சை விட்டால் கழரும்” என்றார் அம்மா.

“காலாலயோ அம்மா நான் மூச்சு விடுறது?”

“வாயைக் குடுக்காமல் பெருவிரலை மடக்கு.”

கழன்றது. அதன் பிறகு ஆண்கள் பகுதிக்குப் போனேன், அங்கே அகலம் சரி, ஆனால் நீளத்தில் என் கால் வாடகை வீட்டில் அறை அறையாக உலாவுவது போல முன்னும் பின்னும் போய் வந்தது. பிறகு இணையத்தில் நாலு சோடி எடுப்பித்து நாலையும் திருப்பி அனுப்பினேன். பொதிகள் வந்து சேருவது எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள உருத்திரமூர்த்தி அண்ணையின் டெப்பனர் சில்லறைக் கடையில், அவர் நாலாவது பொதியைத் தரும்போது, “என்ன பிள்ளை, சப்பாத்துக் கடை துறக்கப் போறீரோ? எனக்குப் போட்டியாய் வராதையும்” என்றார். நான் சிரித்துவிட்டு வந்தேன். ஐந்தாவதை அம்மா திருப்பி அனுப்ப விடவில்லை. பையில் தண்ணீர் நிரப்பிச் சப்பாத்துக்குள் வைத்து, அதை ஐஸ் பெட்டியில் வைத்தால், தண்ணீர் உறைந்து சப்பாத்தை விரிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். விடிய அப்பா கறிக்குக் கணவாய் மீன் எடுக்க ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டார்.

“ஏனப்பா, கணவாய்க்கு ஆர் சப்பாத்துப் போட்டது?” என்று அம்மாவிடம் கேட்டார்.

“அது பிள்ளையின்ர நேர்முகத்துக்கு.”

“மணத்துக்கே வேலை குடுப்பாங்கள்.”

பை வெடித்திருந்தது. சப்பாத்து கணவாயோடு ஒட்டியிருந்தது. நேர்முகத்துக்குப் போட முடியாது என்பதில் மூவரும் ஒத்துப்போனோம்.

கடைசியில் அப்பாதான் வழி காட்டினார், அதுவும் ஒரு பிழையால். அப்பா சமையலறை வேலைக்குச் சப்பாத்து வாங்கும் கடை ஒன்று இருக்கிறது, சமையல்காரர், தாதிமார், காவல்காரர் எல்லாரும் வாங்குமிடம், வின்சன்ட் என்று ஒரு வயதான கியூபெக்காரர் நடத்துகிறார். எனக்குப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு நிறைய இருக்கிறது, ஒரு முழு வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன். அப்பா என்னை முந்தி, “பெரிசாத் தரச்சொல்லிக் கேட்டால் போச்சு” என்று, வின்சன்டைப் பார்த்து, “லார்ஜ்” என்றார். அப்பா இருபத்தெட்டு வருடமாக ரீசேர்ட்டுக்கும் பிட்சாவுக்கும் சொல்லும் அதே லார்ஜ். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பெரிது என்று அர்த்தமில்லை அப்பா, அகலம் என்றுதான் அர்த்தம் என்று திருத்த வாயெடுத்தேன். வழக்கம்போலச் சொல்லவில்லை. வின்சன்ட் என் காலைப் பார்த்தார், தலையை ஆட்டினார், உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியில் E என்ற எழுத்து நாலு தரம் அச்சாகியிருந்தது. அகலத்துக்கு அதுதான் அளவாம்.

“நாலு ஈயோ?” என்றார் அப்பா. “ஈ எண்டால் இலையான். அப்ப இலையான் சப்பாத்து எண்டு சொல்லு.”

மாமி, அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு அடி நடந்தேன். பெருவிரலிலிருந்து சின்னவிரல் வரை ஐந்து பேரும் முதல்முறையாக ஆளுக்கொரு கதிரையில் இருந்தார்கள். கறுப்புத் தோல், சின்னக் குதி, ஒரு வக்கீல் அம்மாவின் சப்பாத்துப் போல இருந்தது. என் அளவில் அது ஒன்றுதான் மிச்சம், இன்னொன்று வேண்டுமானால் ஆறு கிழமை செல்லும் என்றார் வின்சன்ட். எனக்கு எதற்கு இன்னொன்று என்று நினைத்தேன்.

பிறகுதான் அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளும், நீங்கள் வந்ததும். உங்களுக்கு ரதீசன் மச்சான் புதிதாக எடுப்பித்துத் தந்த கறுப்புச் சப்பாத்தைப் பற்றி வந்ததும் வராததுமாக, “கடிக்குது, பழகினால் இளகும்” என்றீர்கள். பெருவிரல் முட்டு வீங்கியிருந்த உங்கள் வலது காலுக்கு அம்மா நீங்கள் நின்ற இரண்டு நாளும் தான் காய்ச்சிய எண்ணெயைப் பூசிவிட்டார். ஞாயிறு வந்த ஆட்களின் சப்பாத்துகளை நான் எண்ணினேன், வாசலில் இருபத்தேழு சோடி, அதில் கறுப்பு பத்தொன்பது, என் புதுச் சோடியும் அதற்குள்தான். நீங்கள் கண்ணாடியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, வாசலில் நின்றபடி அம்மாவோடு பதினைந்து நிமிடம் விடைபெற்றீர்கள், வாய் கதைத்துக்கொண்டிருக்க, கால் தன்பாட்டுக்குச் சப்பாத்தைத் தேடியது. இடது கால் உங்களுடையதைக் கண்டுபிடித்தது. வலது கால், அதன் புத்திசாலித்தனத்தை மெச்ச வேண்டும், என்னுடையதைக் கண்டுபிடித்தது.

நான் உங்கள் பைகளோடு பின்னால் வந்தேன். படியில் உங்கள் இடது கால் கீச், கீச் என்றது, வலது கால் பேசவேயில்லை. அப்போதுதான் கவனித்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், மாமி, சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் இரண்டாம் மாடியில் நின்று, திரும்பி, மேலே நின்ற அம்மாவைப் பார்த்துச் சொன்னீர்கள்:

“மச்சாள், உங்கட எண்ணெய் நல்லாய்ப் பிடிச்சிருக்கு. வலது கால் நிலத்திலை படுறதே தெரியேல்லை.”

அம்மா கல்யாணம் முடித்து வந்து முப்பது வருடம். இந்த முப்பது வருடத்தில் அவர் செய்த எதையும் நீங்கள் நல்லது என்று சொன்னதை நான் கேட்டதில்லை. உப்புக் கொஞ்சம் கூட, புளி கொஞ்சம் காணாது, சீலை நல்லம் ஆனால் நிறம் சரியில்லை. உங்களில் குறை சொல்லவில்லை, நீங்கள் அதை அன்போடுதான் சொல்கிறீர்கள் என்று எல்லாருக்கும் தெரியும், அம்மாவைத் தவிர. அன்றைக்கு அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று கண்ணாடி இல்லாமல் கீழே நின்ற உங்களுக்குத் தெரிந்திராது. எனக்குத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு பைகளைக் காரில் ஏற்றினேன்.

அன்றிலிருந்து எங்கள் குசினியில் சோறு கறி ஒழுங்காக இல்லை, எண்ணெய்தான் கொதிக்கிறது. செவ்வாய் போன் எடுத்து, “வலது கால் பஞ்சு மாதிரி, இடதுக்கும் பூசியிருக்கலாம்” என்றீர்கள். அம்மா உடனே ஒரு போத்தல் அனுப்பினார். வெள்ளி எடுத்து, “ஏனோ தெரியேல்லை மச்சாள், இடது கால் சொல்வழி கேக்குதில்லை” என்றீர்கள். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. இரண்டாம் தரம் காய்ச்சும்போது உள்ளிப்பூண்டு போட்டேனா இல்லையா என்று என்னிடம் ஐந்து தரம் கேட்டார். எனக்கு இடது கால் ஏன் சொல்வழி கேட்கவில்லை என்று தெரியும். இந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ரதீசன் மச்சான் வழக்கம்போலச் சனிக்கிழமை லொறியோடு மொன்றியலுக்கு வருவார். அவரிடம் அந்த வலது சப்பாத்தைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே நாக்கைப் பிரித்துப் பார்த்தால் நாலு இலையான் இருக்கும், அதுதான் என்னுடையது. உங்களுடையதில் இரண்டுதான். உங்கள் வலதை இங்கே பத்திரமாக வைத்திருக்கிறேன், போட்டுப் பார்த்தேன், ஒரு காலில் கீச்சிட்டுக்கொண்டு, ஒரு காலில் கீச்சிடாமல், தெரிவுக்குழுவுக்கு முன்னால் நடக்க முடியாது. நூலகம், மாமி, ஊசி விழுந்தால் கேட்கும் இடம். இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆவணியோடு என் தற்காலிக வேலையும் முடிகிறது. அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். எண்ணெய் நல்லது என்றே தொடர்ந்து சொல்லுங்கள், அதில் பாவமில்லை.

உங்கள் இரண்டு கால்களும் நீண்ட காலம் உங்களைச் சுமந்து, வருடத்துக்கு ஒருமுறையாவது எங்கள் மூன்று மாடியும் ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மச்சானுக்கு என் அன்பு.

உங்கள் காலோடு பிறந்த மருமகள்,
நிருஷா

பி.கு.: மேலே உள்ள வேண்டுகோளை இல்லையென்று எண்ணிக்கொள்ளவும். திங்கள் எழுதிய கடிதத்துக்கு முத்திரை வாங்கும் துணிவு எனக்குச் சனிவரை வரவில்லை. சனி மத்தியானம் மச்சான் வந்து ஒரு பையைத் தந்தார். அதற்குள் ஒரு சப்பாத்து இருந்தது. இடது. இரண்டு இலையான். உங்களுடையது. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்: “பிள்ளை, உன்ர இடது சப்பாத்தை நான் மாறிப் போட்டுக்கொண்டு வந்திட்டன் போல. என்ர வலது பஞ்சாய் இருக்கு, இது சரியான இறுக்கம். அதுதான் இடதுக்கு எண்ணெய் கேக்கேல்லை. இப்பிடிச் சப்பாத்துப் போட்டு எங்கட காலைப் பழுதாக்காதை. என்ர இடதை ரதீசனிட்டைக் குடுத்துவிடு.”

அம்மா அந்தத் தாளை மூன்று தரம் வாசித்தார். பிறகு அன்று முதல்முறையாகச் சோறு போட்டுச் சாப்பிட்டார். மச்சான் கீழே லொறியைத் தெருவின் நடுவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். “கெதியாத் தாரும் நிருஷா, டிக்கெற் எழுதப் போறாங்கள்” என்றார். நான் என் இடது சப்பாத்தைத் துணியால் துடைத்து, பையில் போட்டுக் கொடுத்தேன். அம்மா அதற்கு மேல் ஒரு போத்தல் எண்ணெய் வைத்தார்.

நேர்முகத்துக்கு உங்கள் சோடியைப் போட்டுக்கொண்டு போனேன். நாலு மாடியும் கீச்சிட்டது. மூன்றாம் மாடியில் செலீன் நின்று, அது என்ன சத்தம் என்று கேட்டார். என் மாமியின் சப்பாத்து, அவருக்கும் அது இறுக்கம் என்று சொன்னேன். குழுவில் ஒருவர் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி, தன் காலையும் காட்டினார். எங்கள் கால் இல்லை, ஆனாலும் அகலம்தான்.

வேலை கிடைத்தது. வின்சன்டிடம் இன்னொரு சோடிக்குச் சொல்லியிருக்கிறேன், ஆறு கிழமை செல்லும். இந்தக் கடிதம் ரொறன்ரோவுக்கு வராது.

இன்று காலை நீங்கள் போன் எடுத்தீர்கள், அம்மா ஸ்பீக்கரில் போட்டார். இடதும் சுகம் என்றீர்கள். அம்மா நல்லெண்ணெய் வாங்கக் கீழே போயிருக்கிறார்.