குமராட்சிப் பாறையும் இரட்டை விசிலும்

கடலூர் மாவட்டத்துக்கு மலையேற்றத்தைக் கொண்டுவந்தவர் விசில் மாமா. வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார், இங்கே ஏது மலை? கேப்பர் மலை இருக்கிறதே என்று கடலூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அதை ஏறி இறங்கிவிடலாம். நான் பலமுறை அப்படி ஏறியிருக்கிறேன். சிதம்பரத்தில் அதுவும் கிடையாது. நான்கு கோபுரங்கள் உண்டு, ஏற விடமாட்டார்கள். மீதி இருப்பது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான்.

மாமா டவுன் பஸ் கண்டக்டர். சிதம்பரம்–காட்டுமன்னார்கோயில் தடத்திலேயே வேலைக்குச் சேர்ந்து அதிலேயே ஓய்வும் பெற்றார். என்னைவிட ஆறு வயது இளையவர். இருந்தும் எனக்கும் மாமா, என் பேரனுக்கும் மாமா. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். வீராணம் ஏரிக்கரையைத் தவிர மேடு என்ற ஒன்றைப் பார்க்காத அந்த மனிதர், ஓய்வு பெற்ற வருஷம் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் பழைய ஆளாக இல்லை. காலையில் நாங்கள் நடக்கும் மைதானத்துக்கு ஓடிவந்தார்.

"சார், அங்க ரோடே மேல போவுது சார்!"

"மேல போய்?"

"மேல போய், இன்னும் மேல போவுது!"

இந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டு எட்டுக் கிழவர்களைச் சேர்த்துவிட்டார். நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எண்ணாமல் எனக்குச் சோறு இறங்காது. எனவே தலை எண்ணும் பொறுப்பு எனக்கு. அவரோடு சேர்த்து ஒன்பது தலை. அதில் முடி உள்ளவை மூன்று.

பயிற்சி மேம்பாலத்தில் நடந்தது. தினமும் காலையில் ஏறுவோம், இறங்குவோம். ஆட்டோக்காரர்கள் முதலில் இதை ஏதோ போராட்டம் என்று நினைத்தார்கள். ஒருவன் வண்டியை நிறுத்தியே கேட்டுவிட்டான்: "இன்னா கோரிக்கை பெருசு?" கடலூரில் தையல்கடை வைத்திருந்து, மகள் வீட்டோடு சிதம்பரம் வந்துவிட்ட அந்தோணிதான் பதில் சொன்னார்: "மலை வேணுமாம்ப்பா. இங்க ஒண்ணு கட்டித் தரச் சொல்றோம்." அந்தோணி எல்லோருக்கும் தோள்பை தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பதினோரு பாக்கெட். எதை எதில் வைத்தோம் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. என் மூட்டுவலித் தைலம் இன்னும் அதில் எங்கோதான் இருக்கிறது.

கல்வராயன் மலையில் ஒரு காட்டுப் பாதைக்கு அனுமதி வாங்க மாமா வனத்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அந்த நடைக்கே இன்னொரு மலை ஏறியிருக்கலாம். கடைசியில் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. எங்களோடு வந்த இளம் வனக்காப்பாளர் அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஒரு ஆள் பாதைய விட்டு வெளிய போனதா மேல தகவல் போனாலும், உங்க கோஷ்டிக்கு இந்த மலையே கிடையாது. வயசானவங்க, எங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி."

"என் பஸ்ல ஒரு டிக்கெட்டு வுட்டுப்போனதில்ல தம்பி" என்றார் மாமா.

மலையிலும் அவர் பஸ்தான் ஓட்டினார். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கண்ணுக்கு எட்டியவரை ஆளில்லாத காட்டில், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்குது பாரு!" என்று சத்தம் போடுவார்.

"காட்டுல எங்கய்யா மாமா உள்ள போறது? இதுக்கு மேல போனா சேலம் வந்துடும்" என்று அந்தோணி கத்துவார். மாமாவின் காதில் விழாது. பின்பக்கமிருந்து வரும் புகார்களைக் கேட்காமலிருக்க அவர் காதுகளுக்கு நெடுங்காலப் பழக்கம்.

அவர் செய்ததிலேயே பெரிய காரியம், அந்தப் பாதைக்குத் தன் தடத்து பஸ் ஸ்டாப்புகளின் பெயரை வைத்ததுதான். யானை படுத்ததுபோல ஒரு பாறை வரும், அது குமராட்சி. அதைத் தாண்டி ஒரு ஊற்று, அது லால்பேட்டை. உச்சி, காட்டுமன்னார்கோயில் பஸ் ஸ்டாண்டு. எங்களில் எவருக்கும் மலை தெரியாது, மரம் தெரியாது. ஆனால் குமராட்சிக்கு அப்புறம் லால்பேட்டை என்பது தூக்கத்திலும் தெரியும். "லால்பேட்டைல தண்ணி புடிச்சுக்கலாம், வாங்க" என்று நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு வனக்காப்பாளர் முதல்முறை பயந்துபோய் எல்லோருக்கும் குளுக்கோஸ் கொடுத்தார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. மூன்றாவது வருஷம் தை மாதத்தில் ஒரு நாள், குமராட்சி தாண்டியதும் ஒற்றை விசில். நின்றோம். அந்தோணியின் செருப்பு வார் அறுந்திருந்தது. நானும் அவரும் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கட்டினோம். தையல்காரர் கட்டுகிறாரே என்று நம்பினேன். மூன்று முறை அவிழ்ந்தது. அப்போது இரட்டை விசில் கேட்டது. எழுந்து கிளம்பினோம்.

ஆளுயரத்துக்கு உண்ணிச்செடி. முன்னால் செடிகள் அசைவது மட்டும் தெரிந்தது.

"நம்ம ஆளுங்க இன்னைக்கு இன்னா வேகம் போறானுங்க பாருங்க சார்!" என்றார் அந்தோணி.

ஒற்றை விசில்; நின்றோம். இரட்டை விசில், நடந்தோம். செடிகள் விலகி வெளி வந்ததும் கடமை தவறாமல் எண்ணினேன். இருபத்து மூன்று. நாம் ஒன்பது பேர்தானே என்று குழம்பி மறுபடி எண்ணும்போதுதான் வால்கள் கண்ணில் பட்டன.

ஆடுகளுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா, இரண்டு விரலை வாயிலிருந்து எடுக்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா நீங்க? எதுக்கு என் ஆட்டுப் பின்னாடி வர்றீங்க?"

"நீங்கதானம்மா விசில் அடிச்சீங்க" என்றார் அந்தோணி.

"ஆட்டுக்கு அடிச்சேன்."

"எங்களுக்கும் அதே விசிலுதாம்மா."

அந்த அம்மா எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். ஆடுகளைவிட நாங்கள் சொன்னபேச்சு கேட்கிறோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆட்ட பட்டியில வுட்டுட்டு நானே கொண்டாந்து சேக்குறேன். ஒக்காருங்க" என்றார். நாங்களாகத் திரும்பிப் போகும் தைரியம் எனக்கு இல்லை. போனில் சிக்னலும் இல்லை. வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு கொடுத்தார். அந்தோணி ஐந்து துண்டு தின்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பதைச் சொல்லிச் சொல்லி நான் நான்கு தின்றேன்.

வெயில் சாயும் நேரத்தில் எங்களை அடிவாரத்தில் கொண்டுவந்து விட்டார். நாங்கள் வந்த வேன் அங்கே நின்றது. மாமா அதன் படியில் நின்றிருந்தார். ஓடிவந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என்னைத் தொட்டு, அந்தோணியைத் தொட்டு, "ஒம்போது" என்றார். என் வேலையை அவர் செய்தது அன்று ஒருநாள்தான்.

"உள்ள போ, உள்ள போ" என்றார். வேன் கிளம்ப விசிலை வாயில் வைத்தார், ஊத முடியவில்லை. பகல் முழுவதும் எங்களுக்காக ஊதி ஊதி உதடு வீங்கிப்போயிருந்தது. தகரத்தைத் தட்டி, "ரைட்" என்று மட்டும் சொன்னார்.

வனக்காப்பாளர்தான் என் ஜன்னலருகில் வந்து விஷயத்தைச் சொன்னார். "நான் சொன்னேன் சார். கொஞ்ச நேரம் பாக்கலாம், அவுங்களே வந்துடுவாங்க, மேல சொன்னா உங்களுக்கு இந்தப் பாதை போயிடும்னேன். கேக்கல. 'ரெண்டு டிக்கெட்டு கொறையுது தம்பி. பாதையும் வேணாம், மலையும் வேணாம், இப்பவே போன் போட்டு ஆள வரவைய்யி'ன்னு நின்னுட்டாரு. போட்டுட்டேன். அப்புறம்தான் நீங்க கெழங்கு தின்னுட்டு வர்றீங்க."

அனுமதி போயிற்று. போனதுதான், இரண்டு மனு போட்டோம், இரண்டும் திரும்பிவிட்டன. அந்தோணி என்னைக் குறை சொன்னார், நான் அவர் செருப்பைக் குறை சொன்னேன். மாமா யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோடை வந்தால் மட்டும் வனக்காப்பாளருக்குப் போன் போட்டு, "லால்பேட்டைல தண்ணி கெடக்குதா தம்பி?" என்று கேட்பார். அந்தப் பையனும் இப்போது என்ன, ஏது என்று விழிப்பதில்லை. "இருக்குது மாமா, குமராட்சி வரைக்கும் ஓடுது" என்கிறான்.

நாங்கள் மறுபடி மேம்பாலத்துக்கே வந்து சேர்ந்தோம். தினமும் காலையில் மாமா எல்லோருக்கும் முன்னால் ஏறி உச்சியில் நின்றுகொள்கிறார். கடைசி ஆள் வந்து சேரும்வரை இரட்டை விசில் கிடையாது. திரும்பித் திரும்பிக் கீழே பார்த்துக்கொண்டே இருப்பார். "இன்னா சார், மூட்டு ஜாஸ்தியா வலிக்குதா?" என்று அங்கிருந்தே கேட்பார்.

மூட்டு அப்படியொன்றும் வலிப்பதில்லை. இருந்தாலும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறுகிறேன்.