ஆவி அளக்கும் மாப்பிள்ளை வேண்டாம்

மரியாதைக்குரிய மைத்துனர் லோகநாதன் அவர்களுக்கு லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து நீலமேகம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மானம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் நலம். ஆரம்பாக்கத்தில் தங்கள் வீட்டார் நலத்துக்கும் எழுதவும்.

நீங்கள் சொன்ன மாப்பிள்ளை இளங்கோவன் ஞாயிறன்று நம் தேவகியைப் பெண் பார்க்க வந்தார். தங்கமான பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், என்ன ஆராய்ச்சி என்று கேட்டுத் தொலைத்தேன். "சோடியம் ஆவி எவ்ளோ வெளிச்சத்தை முழுங்குதுன்னு அளக்கறேன் மாமா" என்றார். கதவோரம் நின்ற என் அக்கா வேலம்மாவுக்குச் சோடியம் காதில் விழவில்லை, ஆவி விழுந்தது. காபி ஆறுவதற்குள் சேதி குப்பம் முழுக்கப் பரவி, "டச்சுக் கல்லறையில எத்தினி ஆவி கீதுன்னு அளந்து சொல்லு தம்பி" என்று வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக் குப்பம்மாளோ, "எங்க மாமியா ஆவியையும் ஒருதரம் அளந்துடுப்பா, உசுரோட இருக்கசொல்லவே எங்க வீட்டு வெளிச்சத்தையெல்லாம் முழுங்கினவ" என்கிறாள்.

"இட்லி வேகறதும் ஆவியிலதான் நைனா, அதுக்கு யாராச்சும் பயப்படறாங்களா?" என்று தேவகி சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். விளக்கிக் காட்டுகிறேன் என்று புறப்பட்டார். எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு திரிவார் போலிருக்கிறது, காரிலிருந்து ஒரு மஞ்சள் விளக்கை எடுத்துவந்து, ஐஸ் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, விளக்குக்கு எதிரே நெருப்பைக் கொளுத்தி அதில் உப்பைத் தூவினார். நெருப்பு கறுத்துப்போயிற்று மைத்துனரே! மை மாதிரி எரிகிறது! "உப்புல இருக்கற சோடியம் ஆவியாகி இந்த மஞ்ச வெளிச்சத்தை முழுங்குது, அவ்ளோதான்" என்றார். யார் காதில் ஏறும்? பாதிப்பேர் ஓடினார்கள், மீதிப்பேர் அவர் காலில் விழுந்து திருநீறு கேட்டார்கள்.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது, உங்களுக்கே தெரியும். ஆனால் நாளைக்கு மீன் படாவிட்டால், "நீலமேகம் மருமவன் ஆவிய ஏவி முழுங்கிட்டான்" என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இதைச் சொன்னதிலிருந்து தேவகி என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

பெரியவர்களுக்கு என் கும்பிடும் சின்னவர்களுக்கு ஆசியும்.

கலக்கத்துடன்,
நீலமேகம்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஆவியை அடக்குகிற மாப்பிள்ளை எங்கள் தீவுக்குத்தான் வேண்டும் என்று பசியாவரம் முனியன் தன் மகள் ஜாதகத்தோடு படகேறிவிட்டானாம். விடுவேனா? கடிதம் கண்டதும் ஓடிப்போய், வெள்ளிக்கிழமையே நிச்சயதார்த்தம் என்று பேசி முடியுங்கள். சேதி பொய்யாக இருக்காது, தேவகியே வாயைத் திறந்து சொன்னாள்.